கொந்தகை எலும்பும் நொதிகளின் சாட்சியமும்

கீழடியை அடுத்த கொந்தகையில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தி வருகிறார்கள். இத்தகைய ஆய்வு நொதிகளை நம்பியே நடக்கிறது. எலும்புத் தூளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் (காரங்களுக்கும்) குறைவான டி.என்.ஏ. துணுக்குகள். அவற்றின் இரு முனைகளிலும் அடையாள இழைகளை லிகேஸ் என்ற நொதி இணைக்கிறது. பாலிமரேஸ் என்ற நொதி அவற்றை நகலெடுத்துப் பெருக்குகிறது. பழுதான எழுத்துகளை வேறு சில நொதிகள் வெட்டி நீக்குகின்றன. பானை ஓடுகள் சொல்லாத இரத்த உறவையும் இடப்பெயர்வையும் அறிய இதைவிடக் கூர்மையான வழி இல்லை.

இம்முறையின் பெரிய குறையும் அந்த நகலெடுப்பிலேயே இருக்கிறது. பாலிமரேஸுக்குப் பழையது, புதியது என்ற பேதம் கிடையாது. எலும்பைத் தொட்டவரின் வியர்வையில் உள்ள டி.என்.ஏ. சிதையாதது என்பதால், அதையே அது எளிதாகப் பெருக்கும். எட்டுக் கோடி ஆண்டுப் பழமையான எலும்பின் டி.என்.ஏ. என்று 1994இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான வரிசை, மனித டி.என்.ஏ.விலிருந்து வந்தது எனப் பின்னர் தெரிந்தது. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வை விரைந்து சிதைப்பதால், வைகைச் சமவெளியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அரியானாவின் சிந்துவெளி நாகரிகக் களமான ராகிகடியிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியைத்தான் 2019இல் வெளியிட முடிந்தது.

அப்படியானால் பழமைக்கு எது சான்று? சிதைவுதான். காலப்போக்கில் டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் யுராசிலாக மாறுகிறது. அதைப் பாலிமரேஸ் தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கிறது. துணுக்குகளின் முனைகளில் இம்மாற்றம் மிகுந்திருந்தால் அது பழைய டி.என்.ஏ. என்று நம்பலாம். யுராசிலை முழுவதும் வெட்டி எடுத்தால் வாசிப்பு தெளிவாகும், ஆனால் சான்று அழியும். உள்ளே உள்ளதை நீக்கி, முனையில் உள்ளதை விட்டுவைக்கும் பாதி வெட்டு முறையே இதற்கு நேர்மையான தீர்வு.

அயல் டி.என்.ஏ.வின் கலப்பு எவ்வளவு என்பதை இன்றைய கணிப்பு முறைகள் மதிப்பிட்டுவிடுமே, பிறகு ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்கலாம். தரவு குறைவாக இருக்கும்போது அந்த மதிப்பீடும் தளர்ந்துவிடும். பொடியாக்கிய எலும்பும் திரும்பி வராது. ஆகவே அகழாய்வுக் குழியிலேயே கையுறை கட்டாயமாக வேண்டும். எலும்பைக் கையாண்டவர்களின் டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குப் பதிவாக வேண்டும். ஒவ்வோர் எலும்பிலும் ஒரு பகுதி வருங்கால ஆய்வுக்கு மிஞ்ச வேண்டும். தோல்வியடைந்த மாதிரிகளின் கணக்கும் வெளிவர வேண்டும். தமிழர் தொன்மை குறித்த ஆவல் நியாயமானது. அதனால்தான், ஓரிருவரின் டி.என்.ஏ.வை வைத்து ஓர் இனத்தின் வரலாற்றையே எழுதிவிடும் அவசரத்துக்கு அந்த ஆவல் இடம் கொடுக்கக் கூடாது.