சம்மத வயதுச் சட்டமும் முத்துமீனாட்சியின் குரலும்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணின் சம்மத வயதை 10 என வகுத்தது. கல்கத்தாவில் புல்மணி என்னும் சிறுமி கணவனால் இறந்த நிகழ்வு எழுப்பிய விவாதத்தை அடுத்து, 1891இல் அது 12 ஆக உயர்ந்தது. மணமான சிறுமியையும் இச்சட்டம் காத்தமையே எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. திலகர் முதலானோர் சமய வழக்கில் அரசு தலையிடலாகாது என்றனர். மலபாரி முதலானோர் சிறுமியரின் உடல்நலத்தையும் சமூக முன்னேற்றத்தையும் வலியுறுத்தினர். இரு தரப்பும் வயதையே பெரிதும் பேசின, சம்மதம் பேசுபொருளாகவில்லை.

மறு ஆண்டே, தாமிரபரணிப் பாசனப் பகுதியிலுள்ள பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா (1872-1925), 'சாவித்திரி சரித்திரம்' என்னும் தொடரை 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கினார். இடையில் நின்ற அத்தொடர் 1903இல் 'முத்துமீனாட்சி' என நூலாயிற்று. இதனை விதவை மறுமணம் வலியுறுத்தும் சீர்திருத்த நாவல் என வகைப்படுத்துவதோடு நின்றுவிடுவது போதாது. இளமையில் மணம் முடிக்கப்பட்ட பெண் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக இந்நாவல் அமைந்துள்ளது. சட்ட விவாதத்தில் பிறரால் பேசப்பட்டவள் இங்குப் பேசுபவளாகிறாள். நாவலின் வலிமை அதன் கருத்தைவிட இக்கூற்றுமுறையிலேயே உள்ளது.

எனினும் இக்குரலுக்கு இரு வரம்புகள் உள. முதலாவது, அதனைப் புனைந்தவர் ஓர் ஆண். இரண்டாவது, அக்குரல் ஒலிப்பது பிராமண இல்லத்திற்குள். அதே ஆற்றங்கரை மேலப்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண்ணோ, வயலில் உழைத்த பெண்ணோ இதில் பேசவில்லை. ஆனால் 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் எல்லாச் சமூகத்தாரையும் தழுவி, பெண்ணின் மணவயதை 14 என வரையறுத்தது. ஆகவே, இந்நாவலைத் தமிழ்ப் பெண்களின் பொது அனுபவத்திற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்கிறது. மணவாழ்விலும் இவ்வயதே எல்லை என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. அன்று கேட்கப்படாத சொல், இன்று கேட்கப்பட்டாலும் சட்டத்தின்முன் செல்லாததாகிறது. சிறுமியைக் காக்க வயதெல்லை இன்றியமையாதது. எனினும் அவள் சொல்லைக் கேட்கும் கடமைக்கு அது ஈடாகாது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே 'முத்துமீனாட்சி'யின் இன்றைய பொருத்தப்பாடாகும்.