படத்தில் எது எடுப்பாகத் தெரிகிறது?

“ஓவியமெல்லாம் எனக்குப் புரியாது” என்று ஒதுங்கிப் போகிறவர்களுக்கும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியும்: படத்தைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது எது? ஒரு முகமோ, ஒரு சிவப்புத் துணியோ, வெளிச்சம் விழுந்த ஒரு கையோ, ஏதோ ஒன்று மற்றதையெல்லாம் மீறி எடுப்பாகத் தெரிந்திருக்கும். அங்கிருந்தே தொடங்கலாம். அது ஏன் எடுப்பாகத் தெரிகிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் அதைச் சுற்றி இருப்பவற்றில்தான் கிடைக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் எந்தப் படத்தின் முன்பும் தயங்காமல் நிற்கலாம்.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

1832-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் இரண்டு படங்கள் அருகருகே மாட்டப்பட்டன. ஒன்று கான்ஸ்டபிள் வரைந்த வாட்டர்லூ பாலத் திறப்பு விழா. பல ஆண்டு உழைப்பு. படகுகளும் கொடிகளுமாகச் சிவப்பு பளபளத்தது. மற்றது டர்னர் வரைந்த ஹெல்வெட்ஸ்லூயிஸ் துறைமுகக் கடல். ஏறக்குறைய முழுக்கச் சாம்பல் நிறம். கண்காட்சி திறக்கும் முன் ஓவியர்கள் கடைசித் திருத்தங்கள் செய்துகொள்ள அனுமதி இருந்தது. கான்ஸ்டபிள் தன் கொடிகளுக்கு இன்னும் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்ததை டர்னர் பார்த்தார். வண்ணத் தட்டை எடுத்துவந்து, தன் சாம்பல் கடலின் மேல் ஷில்லிங் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஒன்றரை நாள் கழித்து வந்து அந்தப் பொட்டை ஒரு மிதவையாக மாற்றினார். உடனிருந்த ஓவியர் லெஸ்லி இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒரு பொட்டுக்கு முன் பக்கத்துப் படத்தின் அத்தனை சிவப்பும் சோர்ந்து தெரிந்ததாம்.

அந்தச் சிவப்புக்குப் பலம் கொடுத்தது சாம்பல் கடல். இதன் காரணத்தை விளக்கியவர் ஒரு வேதியியலாளர். பாரிஸ் கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் பழுதில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிவதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் நூலாக வெளியிட்டார்.

பயிற்சி எளிது. எடுப்பாகத் தெரிவதைக் கட்டைவிரலால் மறைத்து, மீதிப் படத்தைப் பாருங்கள். பிறகு விரலை எடுங்கள். அந்தச் சிறு புள்ளி மொத்தப் படத்துக்கும் என்ன செய்கிறது என்பது அப்போது விளங்கும்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

ஓவியர்கள் வேலைக்கு நடுவே கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் தங்கும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ படத்தை அப்படிப் பாருங்கள். சுமார் 1665-ல் வரைந்தது. இருண்ட பின்னணியிலிருந்து முகம் முன்னால் வரும்; கழுத்து நிழலில் முத்து மின்னும்.

இப்போது கண்ணை நன்றாகத் திறந்து முத்தை நெருங்கிப் பாருங்கள். மேலே வெள்ளையில் ஒரு சிறு தீற்று. கீழே, வெள்ளைக் காலரின் ஒளி பட்டதுபோல் மெல்லிய ஒரு பூச்சு. முழு விளிம்புக்கோடு கிடையாது. காதில் மாட்டும் கொக்கிகூட இல்லை. முத்தின் உருண்டையை நிழலை வைத்து நம் கண்ணே முடித்துக்கொள்கிறது.

கைபேசியில் ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் சோதிக்கலாம். நிறத்தால் மட்டுமே எடுத்துக் காட்டியது அமுங்கிவிடும். வெளிச்சத்தால் எடுத்துக் காட்டியது அப்படியே நிற்கும்.

அடங்கியிருப்பதையும் தேடுங்கள்

கண்ணை ஓரிடத்துக்கு இழுக்கத் தெரிந்தவருக்கு, வேறோர் இடத்திலிருந்து விலக்கவும் தெரியும். பிரஸ்ஸல்ஸில் உள்ள ‘இகாரஸ் வீழும் நிலக்காட்சி’ அதற்குச் சான்று. ஓவியர் புரூகலின் மூலப்படத்தைப் பார்த்து வரைந்த பிரதி என்று பலர் கருதும் படம் இது. சிவப்புச் சட்டை போட்ட உழவர் முன்னால் பெரிதாகத் தெரிய ஏர் ஓட்டுகிறார். கிரேக்கப் புராணத்தில் மெழுகுச் சிறகு உருகிக் கடலில் விழுந்த இகாரஸோ, வலது மூலையில், கப்பலுக்குக் கீழே, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் மட்டுமே. தலைப்பைப் படித்த பிறகுதான் பலர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவன் மூழ்குகிறான், ஏர் நிற்கவில்லை. கால்களைப் பெரிதாக வரைந்திருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

அடுத்த முறை ஒரு கண்காட்சிக்குப் போனால் எல்லாப் படங்களையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எடுப்பாகத் தெரிவது எது, அதற்குத் துணை நிற்பது எது, வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பது எது என்று மூன்றையும் கேளுங்கள். பதில் உங்கள் கண்ணுக்கே கிடைக்கும்; அதற்கு யாருடைய விளக்கமும் தேவைப்படாது.