சின்னஞ்சிறு சில்லுக்கு எந்த மொழி?

சலவை இயந்திரத்திலும் மின்தராசிலும் மைக்ரோகன்ட்ரோலர் எனும் சிறு சில்லு ஒன்று மறைந்திருந்து வேலை செய்கிறது. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கியிருப்பதே இதன் சிறப்பு. இதற்கு நிரல் எழுதப் புகும் மாணவருக்கு இருவகை அறிவுரைகள் கிடைக்கின்றன. “அசெம்பிளி மொழியில் எழுதினால்தான் வேகமும் சிக்கனமும் கிட்டும்” என்பது ஒன்று. “அசெம்பிளி பழங்கதை, ‘சி’ மொழி ஒன்றே போதும்” என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைகளே என்பது நம் கருத்து. ஏன் எனக் காண்போம்.

அசெம்பிளியில் ஒரு வரி என்பது பெரும்பாலும் சில்லுக்கு இடும் ஒரு கட்டளை. ‘சி’ மொழியிலோ ஒரு வரி பல கட்டளைகளாக விரியும். அவ்வாறு விரித்துத் தருவது கம்பைலர் எனும் மொழிமாற்றி நிரல்.

முதல் தரப்பின் வலிமையை 8051 என்ற சில்லைக் கொண்டு அறியலாம். இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட இதனுள் நிரலுக்கு 4 கிலோபைட் இடமும், தற்காலிக நினைவகமாக 128 பைட்டுகளும் மட்டுமே உண்டு. 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தினால் இதன் ஓர் இயந்திரச் சுழற்சி 1 மைக்ரோ விநாடி. ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்து, பூச்சியம் ஆகாவிடில் மீண்டும் தாவும் கட்டளைக்கு 2 சுழற்சிகள் தேவை. அதை 250 முறை சுற்றவிட்டால் 500 மைக்ரோ விநாடி கழியும். இக்கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம்! ‘சி’யில் எழுதிய வெற்றுச் சுற்றுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை வரியைப் பார்த்துக் கூற இயலாது. பயனற்ற வேலையெனக் கருதி கம்பைலர் அதை அடியோடு நீக்கிவிடவும் கூடும்.

ஆனால் இந்நிரல் வேறு குடும்பத்துச் சில்லில் ஓடாது. முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். யூனிக்ஸ் இயக்க அமைப்பின் மையப்பகுதி 1973-இல் ‘சி’யில் திருப்பி எழுதப்பட்டதால்தான், பின்னர் அதைப் பிற கணிப்பொறிகளுக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. மேலும், 1990-களின் பிற்பகுதியில் வந்த ஏவிஆர் சில்லுகள் ‘சி’ மொழியை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றான ஏடிமெகா 328பி-யில் 32 கிலோபைட் நிரல் இடம் உண்டு. அதை நிரப்பும் ஆயிரக்கணக்கான கட்டளைகளைக் கையால் எழுதிப் பிழை தேடுவது வீண் உழைப்பு. பிஐசி 10எஃப்200 போன்ற சில்லின் கதை வேறு. அதில் 256 கட்டளைகளுக்கும் 16 பைட்டுகளுக்குமே இடம். அங்கு அசெம்பிளி இன்றும் பொருந்தும்.

அப்படியாயின் பெரிய சில்லுக்கு ‘சி’ மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. ஏவிஆர் ஒரு நேரத்தில் 8 பிட், அதாவது ஒரு பைட், அளவே கையாளும். இரு பைட் கொண்ட ஓர் எண்ணைக் கடிகாரக் குறுக்கீடு அவ்வப்போது ஒன்று கூட்டி வருகிறது எனக் கொள்வோம். எண் 255 ஆக இருக்கையில் முதன்மை நிரல் அதைப் படிக்கத் தொடங்குகிறது. கீழ்ப் பைட்டில் 255 கிடைக்கிறது. அந்த நொடியில் குறுக்கீடு வந்து எண்ணை 256 ஆக்கிவிடுகிறது. இப்போது மேல் பைட்டைப் படித்தால் கிடைப்பது 1. இரண்டும் சேர்ந்து தருவது 511! ‘சி’யில் இது ஒரே வரி; அதில் குற்றம் ஏதும் தென்படாது. ஆயிரம் முறை சரியாக இயங்கும் கருவி ஒருமுறை தவறும், காரணம் பிடிபடாது. அடியில் இரண்டு கட்டளைகள் இருப்பதை அறிந்தவரே, படிக்கும் வேளையில் குறுக்கீட்டைத் தடுத்து வைக்க வேண்டும் என உணர்வார்.

எனவே, கட்டளைப் பெயர்களை மனப்பாடம் செய்விக்கும் பாடமும் குறையுடையது. அவற்றைக் கண்ணிலேயே காட்டாத பாடமும் குறையுடையது. எழுதுவது பெரும்பாலும் ‘சி’யில் இருக்கட்டும். ஆனால் கம்பைலர் ஈன்ற அசெம்பிளிப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும். உங்கள் அடுத்த நிரலில் பத்தே வரிகளுக்கு அப்பட்டியலைத் திறந்து பாருங்கள். சில்லு உண்மையில் என்ன செய்கிறது என்பது அங்கேதான் தெரியும்.