சவாரி இல்லாத குதிரை

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் தாழிகளோடு திரும்பிவிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களின் மூடிகளையும் தாங்கிகளையும் நின்று பார்க்க வேண்டும். எருமை, ஆடு, சேவல், புலி, யானை எனச் சின்னஞ்சிறு உருவங்கள் அவற்றில் உண்டு. எதன் முதுகிலும் தெய்வம் அமர்ந்திருக்கவில்லை.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1011-இல் வார்க்கப்பட்ட திருவெண்காட்டு ரிஷபவாகனர் இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். பாம்பு சுற்றிய தலைக்கட்டு, மாற்றிவைத்த கால், காளையின் மேல் சாய்ந்த பாங்கில் வெட்டவெளியில் நிற்கும் கை. காளை மட்டும் இல்லை. அது இல்லாமலேயே அந்தச் சிலை சோழர் கலையின் உச்சமாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ் உலோகத்தில் விலங்கு எவ்வளவு அழகாக வார்க்கப்பட்டாலும் வாகனமாகத்தான் இருந்தது. சென்னை தீவுத்திடலருகே 1839 முதல் நிற்கும் மன்றோவின் குதிரைச் சிலையிலும் இதே கதைதான். சான்ட்ரி வார்த்த அந்தக் குதிரையின் உடற்கட்டைப் பற்றிப் பேசுபவர் குறைவு. சேணமும் அங்கவடியும் இல்லாததைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது.

விலங்கை முதுகுச் சுமையிலிருந்து விடுவித்தது வெல்டிங் என்பது என் எண்ணம். வார்ப்புக்குத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உரு வேண்டும், காவிரி வண்டல் வேண்டும், அளவு சொல்லும் சிற்ப சாத்திரம் வேண்டும். தகட்டை வெட்டிப் பற்றவைக்க இவை எதுவும் தேவையில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி, கம்பி ஒட்டி, முன்பக்கம் பார்த்த உருவங்களைச் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் இணைத்துப் புராணப் பறவைகளையும் வாகனங்களையும் கொடிபோலப் படரவிட்டார். இருவரிடமும் விலங்கு இன்னும் முழுதாகக் கோயிலை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. வடக்கே, வார்ப்பை விடாமலேயே, மீரா முகர்ஜி பஸ்தர் வார்ப்பாளர்களிடம் உட்கார்ந்து தொழில் கற்றார். களிமண் கருவின் மேல் மெழுகுக் கம்பி சுற்றி அவர்கள் வார்க்கும் யானையும் காளையும் இன்று ஊரெங்கும் வரவேற்பறைகளில் இருக்கின்றன. அந்தக் கம்பிச் சுற்றின் தடம் தோலின் சுருக்கமாகவே மாறிவிடுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பழைய இரும்பில் செய்வது தனிக் கிளை. பிக்காசோ 1942-இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். 1951-இல் செய்த குரங்குக்குப் பொம்மைக் கார்களே முகம். அமெரிக்காவின் டெபோரா பட்டர்ஃபீல்டு பழைய இரும்பிலும், மரக்கிளைகளை வெண்கலத்தில் வார்த்தும் குதிரைகளைச் செய்கிறார். அவற்றில் யாரும் சவாரி செய்வதில்லை, அவை பாய்வதும் இல்லை. நிற்கும், படுக்கும், அவ்வளவுதான். ஆந்திரத்தின் தெனாலியில் காட்டூரி வெங்கடேஸ்வர ராவின் பட்டறை காயலான் கடை இரும்பில் ஆளுயரத்துக்கு மேலான உருவங்களைச் செய்கிறது. 2014-இல் ‘மேக் இன் இந்தியா’வின் பல்சக்கரச் சிங்கம் வந்தபிறகு நம் சாலைச் சந்திப்புகளிலும் கல்லூரி வாசல்களிலும் இந்த வகை பெருகிவிட்டது. பெருகியதில் பாதி எனக்கு ஒப்பவில்லை. பேரிங் பேரிங்காகவும் செயின் செயினாகவுமே கண்ணில் படுகின்றன, விலங்கு தெரிவதில்லை. என்னென்ன பாகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர்ப் பக்கத்தில் கேட், கிரில் செய்யும் ஒரு பட்டறையில் குதிரை ஒன்று உருவாவதைப் பார்த்தேன். யாரோ வீட்டு வாசலுக்குக் கேட்டிருக்கிறார்கள். கம்பியில் கூடு கட்டி, ஷீட் துண்டுகளை டாக் வைத்து ஒட்டியிருந்தது. கிரைண்டிங் பிடித்த பையன் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணே, காலு நிக்குது. குதிரை நிக்கலையே.” வெல்டர் மறுபேச்சுப் பேசாமல் பின்னங்கால் ஒன்றைக் கேஸ் கட்டரில் அறுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி மீண்டும் பற்றவைத்தார். உடலின் எடை மற்றக் காலுக்கு மாறியது. ஓய்வாக நிற்கும் குதிரை பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். கலைக்கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தர வேண்டிய பாடம் அது.

இந்தத் தொழில்திறன் இங்கே தற்செயலாக வந்ததல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டும் அறுபதுகளில் எழுந்ததுதான். இரண்டு தலைமுறையாக இரும்பை வெட்டவும் வளைக்கவும் இப்பகுதியில் கைகள் பழகியிருக்கின்றன. பார்த்துச் செய்ய எருமைகளுக்கும் ஏரிக்கரைக் கொக்குகளுக்கும் பஞ்சமில்லை. சிற்பிகள் பலர் இங்கே கோட்டோவியத்தைக் கொடுத்து வேலை வாங்கிப் போகிறார்கள். காலை அறுத்து மடக்கியவரின் முடிவும் அந்தச் சிற்பத்தில்தான் இருக்கிறது. ஆனால் பீடத்தில் சிற்பி பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் மட்டுமே பொறிக்கப்படுகின்றன. அரசோ கல்லூரியோ சிலைக்கு ஒப்பந்தம் போடும்போது, பற்றவைத்தவர் பெயரும் பட்டறை இருக்கும் ஊரும் அதே பலகையில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.