கணக்கேடும் குழந்தையும்: ஆர்.கே. நாராயண் புதினங்களில் இல்லம் பேணும் தந்தை

தமிழில் மனைவியைக் குறிக்க 'இல்லாள்' என்னும் சொல் உண்டு. இல்லத்தை உடையவள், இல்லத்தை ஆள்பவள் என்பது அதன் பொருள். இதற்கு ஆண்பால் இணை தேடுவோர்க்குக் கிடைக்கும் வடிவம் 'இல்லான்'. ஆனால் அச்சொல்லுக்கு இல்லத்தை உடையவன் என்பது பொருளன்று. ஒன்றும் இல்லாதவன், வறியவன் என்பதே பொருள். வீட்டைக் குறிக்கும் 'இல்' வேறு, இன்மையைக் குறிக்கும் 'இல்' வேறு. எனினும் ஒலியால் ஒன்றிய இவ்விரு அடிகளையும் அருகருகே நிறுத்தி, பொருளற்ற கணவனின் நிலையை ஔவையாரின் நல்வழி எடுத்துரைக்கிறது. இல்லத்திற்குள் ஆணைக் குறிக்க வேண்டிய இடத்தில் மொழி வறுமையைக் குறிக்கும் சொல்லை வைத்திருப்பது நோக்கத்தக்கது.

இந்நிலை இச்சொல்லோடு நிற்பதன்று. 'குடும்பத் தலைவி' என்பது இன்று வீட்டு வேலைகளைச் செய்து குடும்பத்தை நடத்தும் பெண்ணைக் குறிக்கிறது. 'குடும்பத் தலைவன்' என்பதோ அதிகாரம் உடையவனைக் குறிக்கிறது. 'வீட்டுக்காரர்' கணவரையும் வீட்டின் உரிமையாளரையும் ஒருங்கே சுட்டும். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பதில் இழிவு தொனிக்கிறது. 'இல்லத்தரசி'யை ஒட்டி ஆக்கப்படும் 'இல்லத்தரசன்' பெரும்பாலும் நகைப்புக்கே பயன்படுகிறது. 'இல்லறத்தான்' பழைமையும் பெருமையும் உடைய சொல்லாயினும், அறநூல்கள் அதனால் குறிப்பது பிறரைத் தாங்கும் நிலையையே. அடுப்பையும் தொட்டிலையும் பார்த்துக்கொள்ளும் வேலையை அன்று. ஆகவே வீட்டிலிருந்து குழந்தையை வளர்த்து, வரவு செலவைக் கவனிக்கும் தந்தை ஒருவனைத் தமிழில் தர முற்படும் மொழிபெயர்ப்பாளர் முதலில் எதிர்கொள்வது சொல் இன்மையே ஆகும்.

இச்சிக்கலை ஆராய்வதற்கு மைசூரில் (2014 முதல் மைசூரு) வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் புதினங்கள் தக்க களமாகின்றன. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் எழுத்தில் ஆங்கிலமுமாக வாழ்ந்தவர் அவர். தமிழ்க் குடும்ப வாழ்வைத் தமிழ்ச் சொற்கள் இன்றி எழுதியவர் என்பதால், அவரைத் தமிழாக்குவது ஒருவகையில் அவ்வாழ்வை அதன் சொற்களிடம் திருப்பி ஒப்படைப்பதாகும். அச்சொற்கள் அவ்வாழ்வை ஏற்கின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

மைசூர் வீடு

1906-இல் சென்னையில் பிறந்த நாராயண், தந்தை தலைமையாசிரியராக இருந்த மைசூருக்கு வந்து, மகாராஜா கல்லூரியில் 1930-இல் பட்டம் பெற்றார். ஆசிரியப் பணியை ஏற்ற சில நாளிலேயே துறந்து, எழுத்தையே தொழிலாகக் கொண்டார். சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' இதழுக்கு மைசூர்ச் செய்தியாளராகவும் இருந்தார். அச்சான செய்தியின் நீளத்தை அளந்தே அவருக்கு ஊதியம் கணக்கிடப்பட்டது. 1939-இல் மனைவி ராஜம் குடற்காய்ச்சலால் இறந்தபோது மகள் சிறு குழந்தை. நாராயண் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயும் உடன்பிறந்தோரும் சூழ்ந்த கூட்டுக் குடும்பத்தில், அலுவலகம் எதற்கும் செல்லாத தந்தையாக இருந்து மகளை வளர்த்தார்.

இவ்வனுபவத்திலிருந்து தோன்றியதே 'தி இங்கிலீஷ் டீச்சர்' (1945). தம் நூல்களுள் இதுவே மிகுதியும் தம் வாழ்க்கையைச் சார்ந்தது என்று 'மை டேஸ்' (1974) என்னும் தன்வரலாற்றில் அவரே தெரிவிக்கிறார். எனினும் இப்புதினத்தை மனைவியை இழந்தவனின் துயரக் கதை என்றும், ஆவியுலகத் தொடர்பு பற்றிய கதை என்றும் படிப்பதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. அதனுள் ஒரு வீட்டு நிர்வாகக் கதையும் இருப்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

கணக்கேடு யார் கையில்

நாராயணின் மூன்று புதினங்களைக் கணக்கேடு யாரிடம் இருக்கிறது என்னும் நோக்கில் வரிசைப்படுத்தலாம். 'தி டார்க் ரூம்' (1938) புதினத்தில் பணம் முழுதும் காப்பீட்டு நிறுவன அலுவலரான ரமணியின் கையில் இருக்கிறது. மனைவி சாவித்திரி வீட்டை விட்டு வெளியேறும்போது, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்பதை உணர்கிறாள். இருப்பவை எல்லாம் தந்தையுடையவை அல்லது கணவனுடையவை. குழந்தைகளுக்காக அவள் திரும்பி வருவதோடு கதை முடிகிறது.

'தி இங்கிலீஷ் டீச்சர்' புதினத்தில் நிலை மாறுகிறது. கல்லூரி ஆசிரியனான கிருஷ்ணனின் நூறு ரூபாய்ச் சம்பளம் சுசீலாவின் பொறுப்பிற்குச் செல்கிறது. மாதச் சாமான் பட்டியலை எழுதுபவள் அவள். செலவுக்குக் கணக்குக் கேட்பவளும் அவளே. கணவனின் பழைய கடிகாரத்தைப் பழைய தாள் வாங்குபவனிடம் அவள் விற்றுவிட, அதனால் எழும் பூசலே அவ்விருவர் வாழ்வின் பெரிய சண்டையாகக் காட்டப்படுகிறது. வருவாய்க்கு ஏற்ப வாழத் தெரிவதை மனைவியின் மாண்பாகக் கூறும் திருக்குறள் மரபு சுசீலாவிடம் நகைச்சுவையுடன் உயிர்பெறுகிறது எனலாம்.

'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' (1952) புதினத்தில் கணக்கேடு மார்க்கய்யாவின் பிழைப்பாகிறது. அதை அவனுடைய மகன் பாலு சாக்கடையில் எறிந்துவிடுகிறான். ஒரு குழந்தையின் கை ஒரு குடும்பத்தின் வருவாயை ஒரு நொடியில் நிறுத்திவிடுகிறது. பெருஞ்செல்வம் வந்து போன பின்னர், மார்க்கய்யா பேரக் குழந்தையை எடுத்துவரச் சொல்லி அதனோடு விளையாட விழைவதுடன் கதை முடிகிறது. கணக்கேடும் குழந்தையும் ஒருவன் கையில் ஒருசேர இருக்க இயலுமா என்னும் வினாவை நாராயண் தொடர்ந்து எழுப்பி வந்துள்ளார் என்பதை இம்மூன்று நூல்களும் காட்டுகின்றன.

சுசீலா இறந்த பின்னர் அவ்விரண்டும் கிருஷ்ணனிடமே வந்து சேர்கின்றன. குழந்தை லீலாவைப் பெரியவர்கள் தம்முடன் அழைத்துச் செல்ல முன்வரும்போது அவன் மறுக்கிறான். அவளை நீராட்டுவது, உடுத்துவது, தாய் எங்கே என்னும் கேள்விக்கு விடை தேடுவது ஆகியன அவன் வாழ்நாளை நிரப்புகின்றன. ஆனால் முதற்பகுதியில் அத்துணை நுட்பமாகக் காட்டப்பட்ட வரவு செலவு, பிற்பகுதியில் அவ்விடத்தைப் பெறவில்லை. இறுதியில் கிருஷ்ணன் கல்லூரிப் பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் சிறுவர் பள்ளியில் சேர்கிறான். இம்முடிவை ஆன்மிக விடுதலையாகவே புதினம் காட்டுகிறது. சுசீலா உயிருடன் இருந்திருந்தால், கையில் எழுதுகோலுடன் இதைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டிருப்பாள். குழந்தை வளர்ப்பை ஆணுக்கு முழு மனத்துடன் அளித்த ஆசிரியர், கணக்கேட்டை அவ்வாறு அளிக்கவில்லை என்பது இப்புதினத்தின் குறையாகும்.

மற்றொரு குறையும் உண்டு. கிருஷ்ணனின் தந்தைமை ஒரு முதியவளின் உழைப்பின் மேல் நிற்கிறது. சமையலும் வீட்டுக் காவலும் அவளுடையவை. ஆசிரியர் அவளைப் பெயரால் அன்றி முதுமையாலேயே சுட்டுகிறார். இதற்கு எதிர்நிலையில் சிறுவர் பள்ளித் தலைமையாசிரியர் நிறுத்தப்படுகிறார்: ஊரார் குழந்தைகளிடம் அளவற்ற அன்பு காட்டும் அவருடைய சொந்தக் குழந்தைகள் கவனிப்பாரின்றித் தெருவில் திரிகின்றனர். தன் வீட்டைப் பேணுதலும் உலகைப் பேணுதலும் வேறு வேறு என்பதை நாராயண் அறிந்தே வைத்துள்ள முரண் இது.

பெயர் மறுப்பதை வினை தருகிறது

இனி மொழிபெயர்ப்பு நோக்கில் காணலாம். 'தி இங்கிலீஷ் டீச்சர்' தன்மை இடத்தில் கூறப்படும் கதை. தமிழில் தன்மை ஒருமை வினைமுற்றுக்குப் பால் இல்லை. 'குளிப்பாட்டினேன்', 'தலை வாரிவிட்டேன்', 'சோறு ஊட்டினேன்', 'கணக்கு எழுதினேன்' என்னும் தொடர்களைத் தனியே படிப்பவர் அவற்றைக் கூறுவது தந்தையா தாயா என அறிய இயலாது. பெயர்ச்சொற்கள் மறுக்கும் சமத்துவத்தைத் தன்மை வினை இயல்பாகவே தந்துவிடுகிறது. ஆகவே கிருஷ்ணனுக்கு ஒரு பெயர் தேடி மொழிபெயர்ப்பாளர் இடர்ப்பட வேண்டுவதில்லை. அவன் செய்யும் வேலைகளை, வீட்டில் வழங்கும் வினைகளாலேயே சொன்னால் போதும்.

மாறாக, 'தி டார்க் ரூம்' படர்க்கையில் அமைந்தது. ஆங்கிலச் சுட்டுப்பெயர்கள் பால் காட்டுமேயன்றி மரியாதை காட்டா. தமிழில் ரமணிக்கு 'அவர்', சாவித்திரிக்கு 'அவள்' என எழுதத் தொடங்கினால் மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு வாக்கியத்திலும் புகுந்துவிடும். இருவரையும் 'அவன்', 'அவள்' என ஒரே நிலையில் நிறுத்துவது பொருந்தும். ஏற்றத்தாழ்வு உரையாடலில் தானே வெளிப்படும். கதை கூறுபவர் அதற்குத் துணைபோக வேண்டுவதில்லை.

முன்னிலையிலும் இதனைக் காணலாம். சுசீலா கணக்குக் கேட்கும் இடங்களில் ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைப் பெயரே உள்ளது. அக்காலத் தமிழ்க் குடும்பத்தில் அவள் கணவனை 'நீங்கள்' என்றும், அவன் அவளை 'நீ' என்றும் விளித்திருப்பர். 'போன மாதம் இதற்கு இவ்வளவு ஆகவில்லையே, என்ன செய்தீர்கள்?' என்பது போன்ற ஒரு வினாவில் அதிகாரமும் பணிவும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஆங்கில மூலம் காட்ட இயலாத இந்த நுட்பத்தைத் தமிழாக்கம் காட்ட இயலும். அதேபோல அம்முதியவளைக் 'கிழவி' என்பதா, 'சமையற்கார அம்மாள்' என்பதா, லீலாவின் வாய்மொழியாகப் 'பாட்டி' என்பதா என்னும் தேர்வு, அவள் அக்குடும்பத்தில் உறுப்பினரா பணியாளா என்பதையே முடிவு செய்துவிடும்.

பணத்தைக் குறிக்கும் சொற்களிலும் பால் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண் சேர்த்து வைப்பது 'சிறுவாடு'. ஆண் சேர்த்து வைப்பது 'சேமிப்பு'. ஒரே செயலுக்கு ஒன்று அடுக்களைச் சொல்லாகவும் மற்றொன்று வங்கிச் சொல்லாகவும் நிற்கின்றன. சுசீலாவின் சிக்கனத்தைச் 'சிறுவாடு' என்று மொழிபெயர்ப்பது பிழையாகும். அவள் மறைத்துச் சேர்க்கவில்லை, வெளிப்படையாக நிர்வகிக்கிறாள்.

'தாயுமானவன்' என்னும் பொறி

இத்தகைய தந்தையைப் பாராட்டத் தமிழர் இயல்பாக நாடும் சொல் 'தாயுமானவன்'. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, பேறுகாலத்தில் இருந்த பெண்ணுக்குச் சிவபெருமான் தாயாகவே வந்து உதவினார் என்பது திருச்சிராப்பள்ளித் தலக்கதை. அழகிய சொல்லாயினும் மொழிபெயர்ப்பாளர் இதனைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. தாய் செய்தால் கடமை எனப்படும் வேலை, தந்தை செய்யும்போது அருளாகிவிடுகிறது. மேலும், குழந்தையைப் பேணும் ஆண் தந்தையாக இருந்து பேணவில்லை, தாயாக மாறிப் பேணினான் என்னும் கருத்தும் இச்சொல்லில் உள்ளது. கிருஷ்ணன் தாயாக மாறவில்லை. சுசீலாவின் இடம் இறுதிவரை வெற்றிடமாகவே இருக்கிறது. அவன் அப்பாவாகவே இருந்து லீலாவின் தலையை வாரிவிடுகிறான். இவ்வேறுபாட்டைக் காப்பதே இப்புதினத்திற்கு உண்மையாக இருத்தலாகும்.

சொல்லும் நடைமுறையும்

இது இலக்கியத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அவ்வாறு ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டைக்குப் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத்தின் தலைமையாகக் கொள்கிறது. 2023 ஆகஸ்டு 30 அன்று கர்நாடக அரசின் 'கிருக லட்சுமி' திட்டம் மைசூருவில் தொடங்கப்பட்டது. மாதம் 2000 ரூபாய் பெறும் பெண்ணை அத்திட்டம் வீட்டின் 'யஜமானி' என்று குறிக்கிறது. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 'குடும்பத் தலைவி' என்னும் சொல்லைப் பயன்படுத்தியது.

சாவித்திரி தன்னுடையது என எதுவும் இல்லை என உணர்ந்த 1938-ஆம் ஆண்டை எண்ணிப் பார்த்தால், இச்சொற்கள் பெரும் மாற்றத்தைக் காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் 'யஜமானன்' ஆள்பவனாகவும், 'யஜமானி' வீட்டை நடத்துபவளாகவும் நிற்கும் பழைய பாகுபாடு கன்னடத்திலும் தமிழைப் போலவே தொடர்கிறது. பெண்ணின் கைக்குப் பணம் வந்துள்ளது. ஆணின் கைக்குத் துடைப்பம் வருவதற்கு உரிய சொல் இரு மொழியிலும் இன்னும் நிலைபெறவில்லை.

நாராயண் வாழ்ந்த யாதவகிரி இல்லம் இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. அவர் படைத்த தந்தையைக் காக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது. அவனுக்குப் பட்டம் சூட்டுவதும் தெய்வமாக்குவதும் அதற்குத் தேவையில்லை. நீராட்டினேன், ஊட்டினேன், எழுதினேன் என்னும் பால் காட்டா வினைகளைத் தமிழ் முன்பே வைத்திருக்கிறது. அவற்றைக் கூச்சமின்றிப் பயன்படுத்தும் தமிழாக்கங்கள் பெருகுமாயின், 'இல்லாள்' என்னும் சொல்லுக்கு உரிய ஆண்பால் இணையும் வழக்கில் ஒருநாள் தானே தோன்றக்கூடும்.