'கூடாது' என்று தொடங்கும் பாடம்

பிசியோதெரபி மாணவர் புற்றுநோயை முதலில் சந்திப்பது நோயாளியிடம் அல்ல, மின்சிகிச்சைப் பாடத்தில்தான். அல்ட்ராசவுண்ட், ஷார்ட்வேவ் டயதெர்மி எனக் கருவிக்குக் கருவி 'யாருக்குக் கூடாது' என்றொரு பட்டியல் இருக்கும். அதில் புற்றுநோயை மனப்பாடம் செய்துகொண்டு அவர் தேர்வுக்குப் போகிறார்.

இந்த எச்சரிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். படுத்தாலும் தணியாத இரவு வலி, காரணமில்லாமல் இளைத்த உடம்பு, முன்பு நடந்த மார்பக அறுவை: இவற்றைக் கேட்காமல் முதுகுவலிக்குச் சிகிச்சை தொடங்கினால், எலும்புக்குப் பரவிய நோய் கண்ணில் படாமலே போகலாம். சந்தேகப்படக் கற்றுத்தருவது உயிர் காக்கும் பாடம்.

ஆனால் கூடாதது தெரிந்த மாணவருக்குக் கூடுவது தெரிவதில்லை. வாய்ப்புற்றுக்காகக் கழுத்தில் நெறிக்கட்டிகளை அகற்றியவருக்குத் தோள் தொங்கிப்போகலாம். நரம்பு அடிபட்டு டிரப்பீசியஸ் தசை வலுவிழந்ததன் விளைவு அது. இப்படி ஒருவரைப் பார்த்தே இராத மாணவர், வழக்கமான தோள் இறுக்கம் என்று நினைத்து மூட்டை இழுத்துவிடப் பார்ப்பார்.

மார்பகப் புற்றில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 'அறுவை நடந்த பக்கத்துக் கையால் கனம் தூக்காதீர்கள்' என்பதே நெடுநாள் அறிவுரை. 2009இல் ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், மார்பகப் புற்றுச் சிகிச்சைக்குப் பின் கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் எடைப் பயிற்சியைச் சோதித்தார்கள். பயிற்சியால் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமானது பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு, செய்யாதவர்களில் 29 சதவீதம் பேருக்கு. இந்த முடிவை மட்டும் படித்துவிட்டு எடையைக் கையில் கொடுப்பதும் ஆபத்துதான். அங்கே எடை கொஞ்சங்கொஞ்சமாக ஏறியது; மேற்பார்வை இருந்தது; கையில் அழுத்த உறையும் இருந்தது. "தண்ணிக் குடம் தூக்கலாமா?" என்று நம் ஊர்ப் பெண் கேட்கும்போது, இத்தனையையும் அவருடைய அடுப்படிக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லத் தெரியவேண்டும். வைவாவில் பட்டியல் ஒப்பிப்பவருக்கு இது வராது. பயிற்சிக் காலத்தில் சில வாரங்களாவது புற்றுநோய் வார்டில் கட்டாயமாக இருக்கவேண்டும். அன்றைய ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து அன்றைய பயிற்சியை முடிவுசெய்து பழகவேண்டும்.

நாம் தொடவே தொடாத பாடம் ஒன்றும் உண்டு. "அம்மாவுக்குத் தெரியாது, சாதாரணக் கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்" என்று மகன் வராந்தாவிலேயே மாணவியை நிறுத்திச் சொல்கிறார். உள்ளே போனால், வீங்கிய கையை நீட்டி அந்த அம்மா கேட்கிறார்: "இது ஏன் கண்ணு வீங்குது?"