பொய்த் துரு

டோபி காட் என்பதற்கு வண்ணார் துறை என்பது பொருள். இந்தியச் சலவைத் தொழிலாளர் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்ததால் வந்த பெயர் அது. கறை போக்கிய அத்துறையின் படத்துக்குக் கறை ஏற்றுவதும் இன்று எளிது. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில், துருப்பிடித்த தகட்டின் படத்தை மேலடுக்காக இட்டுக் கலந்து, நிறத்தைக் குறைத்தால், நேற்றெடுத்த படமும் பழந்தகடாகத் தோன்றும்.

அழகுக்காகச் செய்வது குற்றமன்று. ஆயினும் உலோகத்தின் முதுமைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இரும்பில் செந்துரு ஏறும், செம்பில் பசுங்களிம்பு படரும், வெள்ளி கறுக்கும். ஈரம் தங்கும் இடுக்கிலேதான் துரு விரைந்து பற்றும். படம் முழுதும் ஒரே சீராகத் தெளித்த துரு முதுமையன்று, வேடமே.

மெய்யான உலோகப் படம் ஒன்று டோபி காட்டுக்கு அருகில் பிறந்ததே. இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் குன்றிலிருந்து, 1844இல் ஜூல் இத்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூர் ஆற்றுப்புறத்தை வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதித்தார். சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகம் அதனைக் காத்து வருகிறது. அத்தகைய தகடுகளில் படியும் கறுமை காலம் இட்ட கையெழுத்து.

அக்கையெழுத்தைப் போலியாக இடுவோர், படத்தின் கீழ் ஒரு வரியில் அதனைச் சொல்லிவிடுதல் வேண்டும். இல்லையேல் நாளைய மாணவன் வேடத்தையே வரலாறெனப் படிப்பான்.